ஆர்ல்: ரோமானியக் கல்லும் வான்கோவின் பதினைந்து மாதமும்

"வேலையாக மார்சே வருகிறேன், ஒரு நாள் கையில் இருக்கிறது, அம்மாவும் கூட வருகிறார். ஆர்ல் நகரத்தில் ரோமானியச் சின்னங்களும் ஓவியர் வான்கோ வரைந்த இடங்களும் பார்க்க ஆசை. வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டுமா, நாங்களே சுற்றிக்கொள்ளலாமா? நேரம் போதாவிட்டால் எதை விடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு நாள் போதும், காலையில் சீக்கிரம் ரயில் ஏற வேண்டும், அவ்வளவுதான். மார்சேயிலிருந்து நேர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஆர்ல் வந்துவிடும். தெற்கு பிரான்சில் ரோன் நதிக்கரையில் இருக்கும் இந்த ஊர் சின்னது. பழைய நகரத்தின் எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் நடந்தே போகலாம். வழிகாட்டியை ரோமானியப் பகுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், காலையில் இரண்டு மணி நேரம் போதும். வான்கோ இடங்களுக்கு வழிகாட்டி தேவையில்லை. அந்த ஓவியங்களை ஃபோனில் நல்ல தரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, அந்தந்த இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் அது நடக்காது.

ரோமானியப் பகுதிக்கு ஏன் ஆள் வேண்டும் என்கிறேன் என்றால், இந்த ஊரில் எதுவும் கட்டிய இடத்தில் கட்டியபடி நிற்கவில்லை. நாடக அரங்கின் கல் தேவாலயத்துக்குப் போயிருக்கிறது. பந்தய மைதானத்தின் தூண் நகரச் சதுக்கத்தில் நிற்கிறது. கோயிலின் முகப்பு ஒரு ஹோட்டல் சுவரில் புதைந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் விட்டுப் போகாமல் வாழ்ந்த ஊர் என்பதால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் கல்லை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறது. எந்தக் கல் எங்கிருந்து எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஆர்ல் புரியும். இல்லாவிட்டால் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு ஐஸ்க்ரீம் சாப்பிட்டுத் திரும்புவீர்கள். பிரான்சில் அரசு அங்கீகார அட்டை பெற்ற வழிகாட்டிகள் உண்டு. நகரச் சுற்றுலா அலுவலகம் மூலம் பதிவு செய்யும்போது அந்த அட்டை உள்ளவரா என்று கேளுங்கள், பேரரசர்களின் பட்டியல் வேண்டாம், கற்களின் கதை வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

வருவதற்கு முன்பே இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. வான்கோ இங்கே சுமார் 200 ஓவியங்கள் வரைந்தார், ஆனால் ஆர்ல் நகரத்துக்குச் சொந்தமாக அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. 2014-இல் திறந்த வான்கோ அறக்கட்டளைக் கூடத்தில் வெளியூர் அருங்காட்சியகங்களிலிருந்து கடனாக வாங்கிச் சில சமயம் வைப்பார்கள். நீங்கள் வரும் நாளில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். அடுத்தது, வான்கோ வாழ்ந்த புகழ்பெற்ற மஞ்சள் வீடு இப்போது இல்லை. 1944 ஜூன் 25 அன்று நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் போய்விட்டது.

ஊரின் கதையில் இது மட்டும் தெரிந்தால் போதும். கி.மு. 49-இல் ஜூலியஸ் சீசருக்கும் பாம்பே என்ற இன்னொரு ரோமானியத் தளபதிக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டபோது மார்சே பாம்பே பக்கம் சாய்ந்தது. ஆர்ல் சீசருக்கு 12 போர்க்கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது. மார்சே தோற்றது. அதன் நிலங்களில் பெரும்பகுதி ஆர்லுக்கு வந்தது. கி.மு. 46-இல் ஆறாம் படைப்பிரிவின் ஓய்வுபெற்ற வீரர்களைக் குடியேற்றி ரோமானியக் குடியிருப்பாக அறிவித்தார்கள். ரோன் நதியில் வரும் படகுகளும் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் கப்பல்களும் சந்திக்கும் இடம் என்பதால் பணம் குவிந்தது. நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்கே தங்கினார், 314-இல் மேற்குத் திருச்சபை ஆயர்களின் மாநாடும் இங்கேதான் கூடியது. நீங்கள் பார்க்கப்போகும் ரோமானியக் கட்டடங்கள் எல்லாம் இந்த நான்கு நூற்றாண்டுக்குள் அடங்கும். 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

சரி, நடக்கலாம்.

ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் லாமார்ட்டின் சதுக்கம். இப்போது வண்டிகள் சுற்றிப்போகும் சாதாரண ரவுண்டானா. பெரும்பாலானோர் நிற்காமல் கடந்துவிடுவார்கள். அங்கே ஒரு பலகையில் மஞ்சள் வீட்டின் ஓவியத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஃபோனில் படத்தைத் திறந்து, வீட்டுக்குப் பின்னால் உயரமாகத் தெரியும் நான்கு மாடிக் கட்டடத்தைப் பாருங்கள், அது அப்படியே நிற்கிறது. ஓவியத்தின் வலது பக்கம் தெருக்கோடியில் ரயில் பாலமும் அதன் மேல் புகைவிட்டுப் போகும் ரயிலும் இருக்கும், அந்தப் பாலமும் இருக்கிறது. நடுவில் வீடு மட்டும் காணோம். 1888 பிப்ரவரி 20 அன்று வான்கோ இந்த ஊரில் வந்து இறங்கியபோது தெற்கின் வெயிலைத் தேடி வந்தவரை வரவேற்றது பனி. இந்த வீட்டின் நான்கு அறைகளை மே மாதம் வாடகைக்கு எடுத்தார். ஓவியர்கள் சேர்ந்து வாழும் கூடமாக அதை ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வரப்போகும் நண்பர் கோகனின் அறையில் மாட்டுவதற்காகத்தான் ஆகஸ்டில் சூரியகாந்திப் படங்களை வரைந்தார். கோகன் அக்டோபர் 23 அன்று வந்தார். சரியாக இரண்டு மாதம் கழித்து டிசம்பர் 23 இரவு எல்லாம் முடிந்துபோனது, வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அக்கம்பக்கத்தார் சுமார் முப்பது பேர் கையெழுத்திட்டு, இவரை வெளியே விடக்கூடாது என்று மேயருக்கு மனுக் கொடுத்தார்கள். போலீஸ் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தது. இன்று இந்த ஊரில் எந்தக் கடையில் நுழைந்தாலும் அவர் முகம் அச்சிட்ட பை விற்கிறது. அந்த மனு நினைவில் இருந்தால் அந்தப் பைகளைக் கொஞ்சம் வேறு மாதிரிதான் பார்ப்பீர்கள்.

சதுக்கத்திலிருந்து நதிக்கரைக்கு ஏறினால், ரோன் மேல் நட்சத்திரங்கள் மின்னும் இரவுக் காட்சியை அவர் வரைந்த இடம். பகலில் அங்கே பார்க்க அதிகம் இல்லை, இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மேலே குண்டுவீச்சில் போன இன்னொரு ரயில் பாலத்தின் நுழைவாயிலில் இருந்த கல் சிங்கங்கள் மட்டும் கரையில் உட்கார்ந்திருக்கின்றன.

அங்கிருந்து பழைய கோட்டை வாசல் வழியாக நகருக்குள் நுழைந்து, ரோமானியச் சண்டை அரங்கமான ஆம்ஃபிதியேட்டருக்கு நேராகப் போய்விடுங்கள். வழிகாட்டியை அங்கேயே வரச் சொல்லுங்கள். கோடையில் பத்து மணிக்கு மேல் கல் சூடேறிவிடும், அதனால் திறந்தவுடனே உள்ளே போவது நல்லது.

ரோமில் கொலோசியம் கட்டி முடித்த சில ஆண்டுகளில், முதலாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது இது. நீளம் 136 மீட்டர், இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 60 வளைவு, சுமார் 20,000 பேர் உட்காரும் இடம். இதற்கு மேல் இன்னொரு அடுக்கு இருந்தது, அது போய்விட்டது. எண்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெளிச்சுவரின் மேலே பாருங்கள். சதுரமான கோபுரங்கள் மூன்று நிற்கின்றன. அவை ரோமானியர் கட்டியவை இல்லை. பேரரசு விழுந்து, படையெடுப்புக்குப் பயந்த காலத்தில் ஊர் மக்கள் வளைவுகளைச் சுவர் எழுப்பி அடைத்து, இந்த அரங்கத்தையே கோட்டையாக மாற்றிக்கொண்டார்கள். கோபுரங்கள் நான்கு இருந்தன. உள்ளே, கிளாடியேட்டர்கள் சண்டையிட்ட மணல் தரையிலும் பார்வையாளர் படிகளிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு சிறு தேவாலயங்கள், தெருக்கள், நடுவில் ஒரு சதுக்கம் என ஒரு முழு ஊரே இருந்தது. நூற்றாண்டுகள் அங்கே குடும்பம் நடத்தினார்கள். 1820-களில்தான் வீடுகளை வாங்கி, இடித்து, அரங்கத்தை வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். 1830-இல் உள்ளே மீண்டும் காளை ஓடியது.

இந்தக் கதையைச் சொல்லாமல் கிளாடியேட்டர்களை மட்டும் பேசும் வழிகாட்டி இந்த அரங்கத்தின் வயதில் பாதியை மறைத்துவிடுகிறார் என்பது என் கருத்து. கிளாடியேட்டர்கள் சில நூற்றாண்டுகள்தான் இங்கே இருந்தார்கள், குடும்பங்கள் அதைவிட அதிக காலம் இருந்தன. கோபுரத்தின் மேல் ஏறினால் ஊரின் ஓட்டுக்கூரைகளும் ரோன் நதியும் தெரியும். படிகள் உயரமானவை, ஓரத்தில் பிடிமானம் இல்லாத இடங்களும் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கீழ் நடைபாதையைச் சுற்றிவரச் சொல்லுங்கள். அந்த வளைந்த கல் தாழ்வாரமே தனி அழகு, அங்கே வெயிலும் படாது.

இப்போதும் இங்கே காளை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஸ்பானிய முறையில் காளையைக் கொல்லும் சண்டை ஈஸ்டர் திருவிழாவிலும் செப்டம்பர் திருவிழாவிலும் நடக்கும். உள்ளூர் காமார்க் முறை வேறு, அதில் காளையைக் கொல்ல மாட்டார்கள். வெள்ளை உடை அணிந்த இளைஞர்கள் ஓடிவந்து கொம்பில் கட்டிய குஞ்சத்தைப் பறிக்க வேண்டும். நம் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். காளைகளின் பெயரைத்தான் சுவரொட்டியில் பெரிதாகப் போடுவார்கள். நிகழ்ச்சி நாட்களில் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கு நேரம் குறைவு என்பதால் தேதி பார்த்து வாருங்கள்.

வான்கோவும் இந்த அரங்கத்துக்கு வந்திருக்கிறார், வரைந்தும் இருக்கிறார். அந்தப் படத்தை இங்கே படியில் உட்கார்ந்து திறந்து பாருங்கள். ரஷ்யாவில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமானிய வளைவு ஒன்றுகூட அதில் ஒழுங்காகத் தெரியாது. படம் முழுக்கக் கூட்டம், முதுகுகள், தொப்பிகள், திரும்பிப் பேசும் பெண்கள். காளை தூரத்தில் சின்னதாக இருக்கிறது. இத்தனை ரோமானியச் சின்னங்கள் நிறைந்த ஊரில் பதினைந்து மாதம் இருந்த மனிதர் அவற்றைக் கிட்டத்தட்ட வரையவே இல்லை. பழத்தோட்டம், கோதுமை வயல், தபால்காரர், இரவு நேர காபிக் கடை, தன் படுக்கையறை ஆகியவற்றைத்தான் வரைந்தார். வாழ்கிற ஊர்தான் அவருக்கு வேண்டியிருந்தது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மிச்ச நாளைச் சுற்றினால் ரோமானிய இடங்களும் வான்கோவும் எங்கே சந்திக்கின்றன, எங்கே விலகுகின்றன என்பது தானாகத் தெரியும்.

பக்கத்திலேயே நாடக அரங்கு. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.மு. முதலாம் நூற்றாண்டின் கடைசியில் முடிந்த வேலை, ஆம்ஃபிதியேட்டரைவிட நூறாண்டு மூத்தது. ஆனால் பார்த்தால் பாவமாக இருக்கும். மேடைக்குப் பின்னால் மூன்று அடுக்காக நின்ற தூண்களில் இரண்டே இரண்டுதான் முழுதாக நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றை 'இரண்டு விதவைகள்' என்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டிலேயே தேவாலயம் கட்ட இங்கிருந்து கல் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். 1651-இல் இங்கே தோண்டியபோது வீனஸ் சிலை ஒன்று கிடைத்தது. 1683-இல் ஊரார் அதைப் பதினான்காம் லூயிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அரசரின் சிற்பி ஜிரார்தோன் உடைந்த கைகளைப் புதிதாகச் செய்து, ஒரு கையில் ஆப்பிளையும் வைத்துவிட்டார். சிலை இன்றும் பாரிஸ் லூவரில்தான் இருக்கிறது.

அப்புறம் குடியரசுச் சதுக்கம். நடுவில் நிற்கும் கல்தூணை எகிப்திலிருந்து வந்தது என்று நினைப்பீர்கள். அதில் சித்திர எழுத்து ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இது ஆசியா மைனரில், இன்றைய துருக்கியில் வெட்டிய கிரானைட். ரோமானியர் அதைக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே இருந்த தேர்ப்பந்தய மைதானத்தின் நடுத்திட்டில் நட்டார்கள். மைதானம் மண்ணில் புதைந்தது, தூணும் விழுந்து கிடந்தது, 1676-இல் அதைத் தூக்கிவந்து அரசரின் பெருமைக்காக இங்கே நிறுத்தினார்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் நகர மண்டபத்தின் தரைத்தளத்துக்குள் கண்டிப்பாக நுழையுங்கள், அது மக்கள் குறுக்கே நடந்து போகும் பொதுவழி. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். அத்தனை பெரிய கூடத்தின் கல் விதானம் கிட்டத்தட்டத் தட்டையாக, நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது. வெர்சாய் அரண்மனையில் வேலை செய்த ஆர்துவான் மான்சார் வரைந்து கொடுத்தது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின் மேல் சாயும்படி செதுக்கப்பட்டு, ஒன்றின் பாரத்தை இன்னொன்று தாங்கிச் சுவர் வரை கடத்துகிறது. பிரான்ஸ் முழுவதிலிருந்தும் கல்தச்சர்கள் இதைப் பார்த்துப் படிக்க வருவார்கள்.

இதே மண்டபத்திலிருந்துதான் நிலவறைக்குப் படி இறங்குகிறது. கிரிப்டோபோர்ட்டிகஸ் என்பார்கள். குன்றுச் சரிவில் பொதுச் சதுக்கம் அமைக்க வேண்டும், நிலம் சமமாக இல்லை. அதனால் பள்ளமான பக்கத்தில் இரட்டை வளைவு வரிசையாக நிலத்தடிக் கூடங்களை எழுப்பி, அதன் மேல் சதுக்கத்தைப் பரப்பினார்கள். மூன்று பக்கமாக வளையும் இந்தக் கூடங்களின் நீளமான பக்கம் சுமார் 90 மீட்டர். உள்ளே மங்கலான விளக்கு, ஈரத் தரை, ஆள் குறைவு. மேலே ஊர் இரைந்துகொண்டிருக்க, அந்த ஊரைத் தாங்கும் அடித்தளத்துக்குள் நீங்கள் நடக்கிறீர்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுக்குப் பயந்து மக்கள் பதுங்கியது இங்கேதான். ஆர்லில் எனக்கு மிகவும் பிடித்த ரோமானிய இடம் இதுதான். ஆனால் அம்மாவுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன், வழுக்கும். நீங்கள் கீழே போய் வரும்வரை அவர் எதிரே சான் த்ரோஃபீம் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

அந்தத் தேவாலயத்தின் வாசல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் செதுக்கியது. மேற்கு பார்த்த வாசல் என்பதால் காலையில் நிழலில் மங்கிக் கிடக்கும், மதியத்துக்கு மேல் வெயில் விழுந்தால்தான் சிற்பங்கள் எழுந்து நிற்கும். எனவே உள்ளே காலையில் பார்த்தாலும் வாசலுக்கு மட்டும் மாலையில் ஒரு தடவை திரும்பி வாருங்கள். நடுவில் தீர்ப்பு வழங்கும் கிறிஸ்து, சுற்றிலும் நான்கு நற்செய்தியாளர்களின் உருவங்கள், கீழே பன்னிரு சீடர்கள். நீங்கள் பார்க்கும்போது இடது பக்கம் சொர்க்கத்துக்குப் போகிறவர்கள் ஆடையோடு வரிசையில் நிற்கிறார்கள். வலது பக்கம் தண்டனை பெற்றவர்கள் ஆடையில்லாமல், ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டு நடக்கிறார்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று மொத்த வாசலையும் பாருங்கள்: தூண்கள், மேலே பட்டைச் சிற்பம், நடுவில் பெரிய வளைவு. ரோமானிய வெற்றி வளைவின் அமைப்பு அப்படியே தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ரோமானியக் கட்டடங்களைத் தினமும் கண்ணால் பார்த்து வளர்ந்த சிற்பிகள் அவர்கள். வான்கோவுக்கு இந்த வாசல் பிரமிப்பையும் பயத்தையும் சேர்த்தே கொடுத்தது, கெட்ட கனவு மாதிரி இருக்கிறது என்று தம்பி தியோவுக்கு எழுதினார். அதையும் அவர் வரையவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஃபோரம் சதுக்கத்துக்குப் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். வான்கோ வரைந்த இரவு நேரக் காபிக் கடை அங்கேதான் இருந்தது. ஓவியத்தில் மஞ்சளாகத் தெரிவது கேஸ் விளக்கின் வெளிச்சம், கடைச் சுவரின் நிறம் இல்லை. பிற்காலத்தில் ஓவியத்தைப் போலவே இருக்கட்டும் என்று சுவருக்கே மஞ்சள் பூசிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு நான் அங்கே போக மாட்டேன், பக்கத்துச் சந்துகளில் விலையும் குறைவு, ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் சதுக்கத்தின் மூலையில் இருக்கும் ஹோட்டல் சுவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டு கொரிந்தியத் தூண்களும் அவற்றின் மேல் ஒரு ரோமானிய முகப்பின் உடைந்த முக்கோணத் துண்டும் சுவரோடு சுவராக இருக்கின்றன. ஆர்லைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரே ஒரு புகைப்படம்தான் அனுமதி என்றால் இதைத்தான் எடுப்பேன். சனிக்கிழமை வந்தால் லீஸ் சாலைச் சந்தையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம். ஊருக்குத் தெற்கே காமார்க் சமவெளியில் நெல் விளைகிறது. சிவப்பரிசியும் கிடைக்கும். அம்மாவுக்குச் சோறு வேண்டும் என்றால் பிரான்சில் இதைவிட நல்ல ஊர் அமையாது.

சாப்பிட்டுவிட்டுச் சோர்வாக இருக்கும். பலர் இந்த நேரத்தில் தொல்லியல் அருங்காட்சியகத்தை விட்டுவிடுவார்கள், ஊரின் மேற்கு ஓரத்தில் நதிக்கரையில் தள்ளி இருப்பதால். விடாதீர்கள். நீங்கள் காலையில் பார்த்த எல்லா இடங்களும் முழுதாக இருந்தபோது எப்படி இருந்தன என்று மாதிரி வடிவம் செய்து வைத்திருக்கிறார்கள். நதியின் மேல் படகுகளை வரிசையாகக் கட்டி அமைத்த மிதவைப் பாலத்தின் மாதிரியும் உண்டு. நாடக அரங்கில் கிடைத்த அகஸ்டஸின் பெரிய சிலை இருக்கிறது. 2007-இல் ரோன் நதிக்கு அடியிலிருந்து எடுத்த பளிங்கு மனிதத் தலை இருக்கிறது. நெற்றிச் சுருக்கம், ஒட்டிய கழுத்து, முன்னால் ஏறிய வழுக்கை என ஒரு நடுத்தர வயது மனிதனை அப்படியே செதுக்கிய முகம். உயிரோடு இருந்தபோதே செய்த ஜூலியஸ் சீசர் சிலை என்று கண்டெடுத்தவர்கள் சொன்னார்கள். சீசர்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். நேரில் பார்த்துவிட்டு நீங்களும் ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட அங்கே இருக்கும் படகுதான் பெரிய விஷயம். முதலாம் நூற்றாண்டின் தட்டையான சரக்குப் படகு, 31 மீட்டர் நீளம், அகலம் மூன்று மீட்டர்கூட இல்லை. 2004-இல் நதியடியில் கண்டுபிடித்து, 2011-இல் துண்டு துண்டாக அறுத்து மேலே எடுத்து, மரத்தில் ஊறிய நீரை வெளியேற்றிப் பதப்படுத்தி, 2013 முதல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மூழ்கியபோது அது சுமந்தது கட்டடக் கல். எங்கோ ஒரு ரோமானியச் சுவருக்காக வெட்டி ஏற்றியது, இறக்கும் முன்பே நதி விழுங்கிவிட்டது. படகின் பின்பக்கம் பாருங்கள்: பெரிய மண்தாழி ஒன்றின் அடிப்பாகத்தை அடுப்பாக வைத்திருக்கிறார்கள். படகுக்காரர்கள் அதில்தான் சமைத்தார்கள். அவர்களின் பானை, கிண்ணம்கூடக் கிடைத்திருக்கின்றன. பேரரசர்களின் முகங்களைவிட அந்த அடுப்பு முன்னால்தான் நான் அதிக நேரம் நிற்பேன். சுற்றிலும் மது, எண்ணெய், மீன் கரைசல் வந்த ஆம்ஃபோரா ஜாடிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுத் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜாடிகள் முழுதாக எப்படி இருந்தன என்பது இங்கே புரியும்.

அங்கிருந்து திரும்பும் வழியில் பழைய மருத்துவமனை. காதை அறுத்துக்கொண்ட வான்கோவைச் சேர்த்தது இங்கேதான். அவர் வரைந்த முற்றத் தோட்டத்தை ஓவியத்தையும் கடிதத்தையும் வைத்து மறுபடி நட்டிருக்கிறார்கள், பார்க்கக் கட்டணம் இல்லை. மருத்துவர் ஃபெலிக்ஸ் ரேயை அவர் வரைந்து அன்பளிப்பாகக் கொடுத்தார். அந்தப் படம் வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் கோழிக்கூட்டின் ஓட்டையை அடைக்கப் பயன்பட்டதாகச் சொல்வார்கள். இப்போது மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கான்ஸ்டன்டைன் குளியல் கூடம், பிக்காசோ 1971-இல் கொடுத்த 57 வரைபடங்கள் உள்ள ரெயாத்து அருங்காட்சியகம் இரண்டும் நதிக்கரையில் அருகருகே இருக்கின்றன. நேரம் இல்லாவிட்டால் விடவேண்டியவை இவைதான். மனசில்லாமல்தான் சொல்கிறேன்.

ஆனால் அலிஸ்காம் இடுகாட்டை விடவே கூடாது. மாலை நான்கு, ஐந்து மணிக்குப் போங்கள். ஊர் எல்லைக்குள் புதைக்கக் கூடாது என்பது ரோமானியச் சட்டம், அதனால் நகருக்கு வெளியே நெடுஞ்சாலையின் இருபுறமும் கல்லறைகள் பெருகின. கிறிஸ்தவ மதத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி ஜெனேசியஸ் இங்கே அடக்கமான பிறகு, அவர் பக்கத்தில் இடம் வேண்டும் என்று கிறிஸ்தவர்கள் போட்டி போட்டார்கள். நதியின் மேற்பகுதி ஊர்களிலிருந்து பிணத்தைப் பீப்பாயில் வைத்து, அடக்கச் செலவுக்குக் காசும் போட்டு ரோன் நதியில் மிதக்க விடுவார்கள், ஆர்ல்காரர்கள் பிடித்துக் கரை சேர்ப்பார்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. இத்தாலியக் கவிஞர் தாந்தே நரகத்தை வர்ணிக்கும்போது ஆர்ல் என்று ஊர்ப் பெயரைச் சொல்லி இந்தக் கல்லறைக் கூட்டத்தை உவமை காட்டுகிறார். பிற்காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் அழகான கல்பெட்டிகளை வந்த பிரபுக்களுக்கெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்துத் தீர்த்தார்கள். தப்பியவற்றில் நல்லவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சாதாரணப் பெட்டிகளைத் துறவிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் மரங்களின் கீழ் இரண்டு வரிசையாக வைத்தார்கள், நீங்கள் நடக்கப்போவது அந்த வரிசைக்கு நடுவில்தான்.

1888 அக்டோபர் கடைசியில், கோகன் வந்த சில நாட்களிலேயே, இருவரும் இங்கே வந்து வரைந்தார்கள். வான்கோவின் படங்களில் ஒன்றைத் திறந்து பாருங்கள். உதிரும் மஞ்சள் இலைகள், நடந்துவரும் ஒரு ஜோடி, மரங்களுக்கு அப்பால் இடது பக்கம் புகைபோக்கிகள். அவை ரயில்வே பட்டறையின் புகைபோக்கிகள். ரயில் வந்தபோது இந்த இடுகாட்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுதான் பட்டறையும் தண்டவாளமும் போட்டார்கள். வேறு ஓவியராக இருந்தால் அந்தப் புகைபோக்கியை மறைத்திருப்பார், கோகன் தன் படத்தில் பழைய தேவாலயக் கோபுரத்தை மட்டும்தான் வைத்தார். வான்கோ இருந்ததை இருந்தபடி விட்டார். பட்டறை 1984-இல் மூடியது. அந்த நிலத்தில்தான் இப்போது லூமா கலை வளாகமும், ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2021-இல் திறந்த 56 மீட்டர் கோபுரமும் இருக்கின்றன. சுமார் 11,000 எஃகுத் தகடுகள், அடியில் ரோமானிய அரங்கத்தை நினைவூட்டும் வட்டமான கண்ணாடிக் கூடம். ஊரில் பாதிப்பேருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், மாலை வெயிலில் தகடுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறுவதை வளாகத் தோட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இடுகாடு, ரயில் பட்டறை, ஓவியம், எஃகுக் கோபுரம் எல்லாம் ஒரே நிலத்தில் பத்து நிமிட நடைக்குள் இருப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

திரும்பும் ரயிலைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தால், நிலையத்துக்குப் போகும் வழியில் அந்த ரோன் இரவுக் காட்சியைப் பார்த்துவிடலாம். படத்தில் வானத்தின் நடுவில் சப்தரிஷி மண்டலம் மின்னும். அவர் நதியைப் பார்த்து நின்ற திசை தென்மேற்கு, சப்தரிஷி மண்டலமோ வடக்கில் இருக்கும். முதுகுக்குப் பின்னால் இருந்த நட்சத்திரங்களைத் திருப்பிக் கொண்டுவந்து முன்னால் வைத்திருக்கிறார். கரையில் நின்று திரும்பிப் பார்த்தால் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நடைமுறை விஷயங்கள். நினைவிடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்துக் கூட்டுச் சீட்டு கிடைக்கிறது, தனித்தனியாக வாங்காதீர்கள். அருங்காட்சியகங்களின் வார விடுமுறை நாள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புகைப்படத் திருவிழா நடக்கும், 1970-இல் தொடங்கியது, பழைய தேவாலயங்களுக்குள்ளேயே படங்களை மாட்டுவார்கள். அருமையாக இருக்கும், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். கோடையில் காமார்க் பக்கமிருந்து கொசு வரும், குளிர்காலத்தில் மிஸ்ட்ரால் காற்று எலும்பு வரை போகும். வான்கோ அந்தக் காற்றில் வரைய ஓவியச் சட்டத்தின் கால்களை முளையடித்துக் கட்டினார். அம்மாவுக்குக் காதை மூடும் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படியாவது இரண்டாவது நாள் கிடைத்தால் சான் ரெமி போய் வாருங்கள். 1889 மே மாதம் ஆர்லை விட்டுப் போன வான்கோ ஓராண்டு தங்கிய மனநல விடுதி அங்கே இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, சாலையைத் தாண்டினால், ரோமானிய வளைவு ஒன்றும் நினைவுக் கோபுரம் ஒன்றும் திறந்தவெளியில் நிற்கின்றன. அவர் இருந்தபோதும் நின்றன. அவற்றுக்குப் பின்னால் கிளானும் என்ற முழு நகரமே மண்ணுக்குள் இருந்தது, 1921-இல்தான் முறையாகத் தோண்டத் தொடங்கினார்கள். அந்த மண்ணின் மேல் நின்ற ஒலிவ மரங்களைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தார்.